7.5 சதவீதமும் தகுதிக் கூச்சலும்

மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி 2020-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது, “அப்படியானால் தகுதி?” என்ற கேள்வி உடனே கிளம்பியது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தகுதியை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை ஒழித்த பிறகு பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாமாக இருந்தது. அப்போதும் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் மிகச் சொற்பம். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்த ‘பிராய்லர்’ பள்ளிகள்தான் இடங்களை அள்ளின. தேசிய அளவிலான மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டை எதிர்க்கும் பலர் இந்தப் பழைய கதையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2017-இல் நீட் வந்ததும் பணம் பள்ளியிலிருந்து கோச்சிங் சென்டருக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள் 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம் என்கிறது நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கை. ஒரு வருடம் வேலைக்குப் போகாமல், கோச்சிங் கட்டணமும் கட்டி மறுபடி எழுத எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் முடியுமா? அளவுகோல் எதுவானாலும், அதற்குத் தயாராகும் வசதியும் சேர்ந்தே மதிப்பெண்ணாகிவிடுகிறது. 7.5 சதவீதம் அந்தக் கோணலை ஓரளவு நிமிர்த்துகிறது. அதைச் சலுகை என்று சொல்வது பொருந்தாது.

தரம் குறைந்துவிடும் என்பது அடுத்த வாதம். இந்த ஒதுக்கீட்டில் வருபவரும் நீட்டில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். உள்ளே போனபின் மற்றவர்கள் எழுதும் அதே பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதித்தான் டாக்டராக முடியும். மறுபக்கம், பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அதைக் கட்ட முடியாத நல்ல மதிப்பெண்காரர் விலகிக்கொள்ள, தேர்ச்சிக் கோட்டை ஒட்டி வந்தவர் அந்த இடத்தில் உட்கார்கிறார். 2023-இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது நீட் தகுதி வரம்பையே பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். அப்போது இந்தத் தகுதிக் கூச்சல் இவ்வளவு உரக்கக் கேட்டதாக நினைவில்லை.

அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் ஏழை மாணவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கே இந்த ஒதுக்கீடு என்று கோடு போட்டால், கோட்டுக்கு வெளியே சிலர் நிற்கத்தான் செய்வார்கள். அதற்காகக் கோட்டை அழிப்பதைவிட, அவர்களுக்கும் வழி தேடுவதே முறை. 2022-இல் சட்டத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், 5 ஆண்டுகளுக்குள் இதை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது. அந்த மறுபரிசீலனையில் ஒதுக்கீட்டை மட்டும் எடைபோட்டால் போதாது. அரசுப் பள்ளிகளில் இயற்பியலும் உயிரியலும் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன என்பதற்கும் அரசு கணக்குக் காட்ட வேண்டும்.