புகை யாருடைய கணக்கில்?

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, பெரியகுப்பத்தை அடுத்து விரிந்து கிடக்கும் மணவாள நகரில் எந்தத் தெருவில் நடந்தாலும், என்றாவது ஒருநாள் இன்னொரு மாடி எழும்பும் என்ற குடும்பஸ்தரின் நம்பிக்கைக்குச் சாட்சியாக, வீட்டின் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு நிற்கும் இரும்புக் கம்பிகளைக் காணலாம். இதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள உலைகளில் உருகி, ரோலிங் மில்லில் நீண்டு, லாரி ஏறி வரும் சரக்கு இத்தகைய கம்பிதான். அந்தக் கம்பி ஒரு டன் உற்பத்தியாகும்போது எவ்வளவு கரியமிலவாயு ஆகாயத்தில் சேருகிறது என்பது ரசாயனம் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு விடை காண்பது அவ்வளவு சிரமமன்று. அந்த வாயுவை யாருடைய பெயரில் பற்று எழுதுவது என்பதோ, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக சர்வதேச மாநாடுகளில் தேசங்களின் பிரதிநிதிகள் விடிய விடிய விவாதித்தும் தீராத கேள்வி. பூமியின் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தச் செய்யப்படும் சர்வதேசப் பிரயத்தனங்களின் சரித்திரத்தை, இந்தக் கணக்கு வழக்கின் சரித்திரமாகவே படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் உலையைப் பார்ப்போம். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவில் இரும்பு தனியாக இருப்பதில்லை. பிராணவாயுவோடு பின்னிக் கிடக்கிறது. அந்தப் பிணைப்பைப் பிரிக்க, பெரிய ஊதுலைகளில் நிலக்கரியிலிருந்து செய்த கோக்கைப் போட்டு எரிக்கிறார்கள். அதிலுள்ள கரி, தாதுவின் பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டு கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. ஆகவே ஊதுலை முறையில் வாயு வெளிப்படுவது எரிபொருளின் விரயத்தால் நேர்வதன்று, வேலையே அதுதான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வாயு என்பது இந்த முறையின் சராசரி. கும்மிடிப்பூண்டியிலுள்ள இண்டக்ஷன் உலைகளில் நடப்பது வேறு. காயலான் கடைகளிலிருந்தும், துறைமுகங்கள் வழியாக வெளிநாடுகளிலிருந்தும் வந்து சேரும் பழைய இரும்பு, முன்னமே ஒருமுறை பிராணவாயுவை விட்டுப் பிரிந்துவிட்ட இரும்பு; அதை 1,538 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருக்கினால் போதும். தாமிரச் சுருளில் மாறுமின்சாரத்தைச் செலுத்தியதும், அச்சுருளுக்குள்ளே உள்ள உலோகத்தில் சுழல்மின்னோட்டம் எழுந்து, நெருப்பு எதுவும் தொடாமலே இரும்பு தன்னுள்ளிருந்தே சூடேறி உருகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. துருவும் பெயிண்ட்டும் எண்ணெய்ப்பிசுக்கும் படிந்த ஸ்கிராப் உருகும்போது எழுந்து, சுற்றுவட்டாரக் கிராமங்களின் கூரைமீதும் கொடியில் காயும் துணிமீதும் படிகிற செம்பழுப்புத் தூசி வேறு, உலக மாநாடுகளில் பேசப்படும் வாயு வேறு. முன்னது கண்ணுக்குத் தெரிவது, மூச்சை நேரடியாகக் கெடுப்பது, நல்ல வடிகட்டி வைத்தால் உலைவாயிலேயே பிடித்துவிடக் கூடியது. பின்னதற்கு நிறமில்லை, மணமில்லை, இந்த வடிகட்டியில் அது அகப்படுவதுமில்லை. கிராமத்தார் முறையிடுவது முதலாவதைப் பற்றி. அதைத் தீர்க்காமல் இரண்டாவதைப் பற்றி மட்டும் பிரசங்கம் செய்கிறவர்களின் பேச்சு ஊரில் எடுபடாமல் போவதில் வியப்பொன்றுமில்லை.

இனிக் கணக்கு. ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் வேண்டும். இந்திய மின்தொடரில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமிலவாயு வெளிப்படுகிறது என்று மத்திய மின்சார ஆணையம் கணித்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 430 கிலோ அளவில் வந்து நிற்கும். ஊதுலைக் கணக்கில் இது நாலில் ஒரு பங்குகூட இல்லை. (ஸ்கிராப்போடு நிலக்கரியால் தயாரித்த ஸ்பாஞ்ச் இரும்பையும் கலந்து போடும் உலைகளுக்கு இந்தப் பெருமை வெகுவாகக் குறைந்துவிடும், அந்தக் கலப்பு நம் நாட்டில் சர்வசாதாரணம்.) ஆனால் அந்த 430 கிலோவும் வெளிப்படும் இடம் கும்மிடிப்பூண்டி அன்று. தமிழ்நாட்டு மின்தொடருக்குக் காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் வந்து சேருகின்றன என்றாலும், ஒடிஷாவின் சுரங்கங்களில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியை எரிக்கும் அத்திப்பட்டின் வட சென்னை அனல்மின் நிலையமும், அதற்கு அருகேயுள்ள வல்லூர் நிலையமும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளன. வாயு அங்கே, கம்பி இங்கே, வீடு மணவாள நகரில். வீட்டுக்காரர், உலை முதலாளி, மின்நிலையம், சுரங்கம் என்று நால்வர் இருக்க, பற்று யார் பெயரில்?

வாயு எந்தத் தேசத்தின் எல்லைக்குள் வெளிப்பட்டதோ அந்தத் தேசத்தின் கணக்கில் என்பதே சர்வதேச ஒப்பந்தங்கள் ஏற்றுக்கொண்ட சம்பிரதாயம். கரியமிலவாயு பெருகினால் பூமி சூடாகும் என்பதை ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-லேயே கணித்துக் காட்டியிருந்தும், 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவீடு பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அவ்வாயு வருஷந்தோறும் ஏறுவதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தும், 1992-இல் ரியோ நகரில்தான் தேசங்கள் ஒரு பொது உடன்படிக்கைக்கு வந்தன. பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் அவரவர் நிலைக்கேற்ப வேறுபட்டது என்பது அதன் ஆதாரக் கொள்கை. 1997-இன் கியோட்டோ ஒப்பந்தம் அந்தக் கொள்கைப்படி செல்வ தேசங்களுக்கு மட்டும் கட்டாய இலக்கு விதித்தது. அமெரிக்கா அதை அங்கீகரிக்கவேயில்லை, கனடா பாதியில் விலகிக்கொண்டது. 2015 டிசம்பரில் உருவான பாரிஸ் ஒப்பந்தமோ, இலக்கை அவரவரே நிர்ணயித்துக்கொள்ளலாம், ஐந்தாண்டுக்கொருமுறை அதை உயர்த்தவேண்டும் என்று வழியை மாற்றியது. கீலிங்கின் மலையில் இன்றைய அளவு 420-க்கும் மேல்.

எல்லைக் கணக்கிலுள்ள விசித்திரத்துக்கு ஓர் உதாரணம். 2024 செப்டம்பர் 30 அன்று, வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட்டில் டாட்டா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை அணைத்தது. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் உலையை அங்கே நிறுவப் போகிறது, அதாவது ஆதார முறையில் கும்மிடிப்பூண்டியின் தொழிலை அங்கே பெரிய அளவில் செய்யப் போகிறது. அதே மாதத்தில், அதே ஸ்தாபனம், ஒடிஷாவின் கலிங்காநகரில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன் எஃகுக்கான பெரிய ஊதுலை ஒன்றைப் பற்றவைத்தது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று சொல்வது நியாயமாகாது. இந்தியாவின் கட்டுமானத் தேவை தனிக்கதை. எனினும் பிரிட்டனின் கணக்கில் வாயு குறைந்ததும், இந்தியாவின் கணக்கில் கூடியதும் ஒரே கம்பெனியின் ஆண்டறிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன அல்லவா? தொழிற்புரட்சி முதல் இன்றுவரை எரிபொருள்களால் சேர்ந்த வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது, இந்தியாவினுடையது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு என்பதையும், இன்று தலைக்கு ஆண்டொன்றுக்கு அமெரிக்கர் சுமார் 14 டன்னும் இந்தியர் சுமார் 2 டன்னும் வெளிவிடுகிறார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்த்தால், கணக்கை எங்கே தொடங்குவது என்பதும் வழக்குக்குரிய விஷயந்தான் என்பது விளங்கும்.

இந்த வழக்கில் நம் தேசம் ஒருமுறை வாதத்தால் மட்டுமன்றி அளவுகோலாலும் வென்றிருக்கிறது. அந்தக் கதை சற்று விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நிபுணர்கள் சிலர், இந்தியாவின் நெல்வயல்கள் மட்டும் வருஷத்துக்கு 37 மில்லியன் டன் மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன என்று மதிப்பிட்டிருந்தனர். நிலையாக நீர் தேங்கிய வயலின் சேற்றில் பிராணவாயு தீர்ந்துபோகும்போது, அது இல்லாமலே பிழைக்கும் நுண்ணுயிர்கள் மக்கிய பொருளைத் தின்று மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே மேலேறி வெளியே வந்துவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைக் காட்டிலும் 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இந்த அறிவியலில் பிழையில்லை. பிழை, வேறு தேசத்து வயல்களில் அளந்ததை நம் வயல்களின் பரப்பால் பெருக்கியதில் இருந்தது.

1991-இல் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் வெளியிட்டு, சோற்றுக்காக வெளிப்படும் வாயுவையும் சொகுசுக் காருக்காக வெளிப்படும் வாயுவையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என்ன நியாயம் என்று உலகத்தைக் கேட்டனர். அதே ஆண்டில், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் பல ஸ்தாபனங்களின் விஞ்ஞானிகள், தேசத்தின் பல பாகங்களிலுமுள்ள நெல்வயல்களில் பயிரின்மீது மூடிய பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சியெடுத்து அளந்தார்கள். விடை, 37 அன்று. ஏறத்தாழ 4 மில்லியன் டன். நம் மண்ணில் மக்குப்பொருள் குறைவு. மானாவாரியாகவும், இடையிடையே காய்ந்தும் விளையும் வயல்கள் ஏராளம். ஒன்பது பங்கு அதிகமாக எழுதப்பட்டிருந்த கடன், சேற்றில் இறங்கி நின்று அளந்தவர்களால் தள்ளுபடியாயிற்று. மாநாட்டு மண்டபத்தில் எத்தனை வக்கீல்கள் பேசியிருந்தாலும் இது நடந்திராது.

திருவள்ளூர் வட்டாரத்து வயல்களில் மீத்தேனைக் குறைக்கப் புதிய யந்திரமெதுவும் வேண்டியதில்லை; காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது என்று நம் உழவர்கள் சொல்லும் முறையே, வெளிப்படும் மீத்தேனை மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைக்கவல்லது என்று ஆய்வுகள் காட்டுகின்றன; வயல் காயும்போது, உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும் என்ற சிறு கழிவு உண்டு. 2021-இல் கிளாஸ்கோவில் பல தேசங்கள் கூடி எடுத்த மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. சிறு உழவரின் வயலைச் சர்வதேச நிபந்தனைக்குள் கொண்டுவர மறுத்தது சரியே என்று நான் நினைக்கிறேன். ஆனால் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும் இந்த மாவட்டத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் நம் நீருக்காகவே அவசியம். விவசாய மின்மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும் வரையில், மோட்டாரை நிறுத்துவதால் உழவருக்கு ஒரு காசும் மிஞ்சாது என்பதே தடை.

இந்தியா தானே எழுதிக்கொண்ட இலக்குகளையும் பார்க்கவேண்டும். 2030-க்குள் மின்உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி முதலான புதைபொருள் எரிபொருள்களைச் சாராததாக இருக்கும் என்று 2022-இல் ஐ.நா.வுக்கு எழுதிக்கொடுத்ததை, ஐந்தாண்டுகள் முன்னதாக 2025-லேயே எட்டிவிட்டோம். பாராட்டத்தக்க சாதனைதான். ஆயினும் நிறுவப்பட்ட திறன் வேறு, உண்மையில் ஓடிவரும் மின்சாரம் வேறு; சூரியன் அஸ்தமித்தபின் கும்மிடிப்பூண்டியின் உலை அணைவதில்லை, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளில் வீசும் காற்று மார்கழியில் வீசுவதில்லை. ஆகவே நாம் செலவிடும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைய இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய பாட்டரிகளும், நீரை மேலேற்றி வைத்து இறக்கும் நீர்மின் நிலையங்களும் பெருகாதவரை இந்த இடைவெளி குறையாது.

இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியம் கணக்குப் புத்தகத்தைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவை எவ்வளவு கரியமிலவாயுவோடு பிறந்தன என்று கணக்குக் கேட்கும் ஏற்பாடு 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் அதற்கான கட்டணமும் உண்டு. ரியோவின் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கையை இது பின்வாசல் வழியாகக் கலைத்துவிடுகிறது என்பது இந்திய அரசின் ஆட்சேபம்; அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக் கம்பியின் பெரும்பகுதி நம் நாட்டுக் கட்டடங்களுக்கே போவதால் அதற்கு உடனடிப் பாதிப்பு சொற்பம். போல்ட்டும் நட்டும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களே முதலில் படிவம் நிரப்ப வேண்டியவர்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. சிமெண்டுக்கும் உரத்துக்கும் அவை உண்ட மின்சாரத்தின் வாயுவும் சேர்த்தே கட்டணம். இரும்புக்கும் எஃகுக்கும் இப்போதைக்கு, ஆலைக்குள் நேரடியாக வெளிப்பட்டதற்கு மட்டுமே. அதாவது அத்திப்பட்டில் வெளியான அந்த 430 கிலோ, ஐரோப்பியச் சுங்கத்தின் கணக்கில் இல்லை. இதனால் மின்உலைக்காரருக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. ஆனால் நாளைக்கே அவர் அனல்மின்சாரத்தை விட்டுவிட்டு, கூடுதல் விலை கொடுத்து முப்பந்தல் காற்றாலையிலிருந்து மட்டும் மின்சாரம் வாங்கினாலும், அவருடைய எஃகுக்கு அந்தச் சுங்கச்சாவடியில் ஒரு யூரோகூடக் குறையாது.