மானைச் சுட்ட குண்டு கழுகைக் கொன்றது எப்படி?

மாணவர்களே, அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகு வாழ்கிறது. சிறகை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர்! 1987இல் உலகத்திலேயே 27 காண்டோர்கள்தாம் எஞ்சியிருந்தன. எல்லாவற்றையும் கூண்டில் வைத்துப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். ஆனால், விட்ட பறவைகள் ஒவ்வொன்றாக இறந்தன. சோதித்துப் பார்த்தபோது பலவற்றின் உடலில் ஈய நஞ்சு இருந்தது. அது எங்கிருந்து வந்தது? மான் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக் குண்டிலிருந்துதான்.

ஈயம் ஏன்?

ஈயம் மலிவானது, 327 பாகை செல்சியசிலேயே உருகுவதால் வார்ப்பது எளிது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். எனவே சிறிய குண்டிலும் நிறை அதிகம்.

மான் துடிக்காமல் உடனே இறக்க வேண்டும் என்பதே நல்ல வேட்டைக்காரரின் விதி. குண்டு ஊசிபோல் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால், அதன் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிவிடும். காயம்பட்ட மான் நெடுந்தூரம் ஓடி, வேதனையோடு சாகும். மென்மையான ஈயக் குண்டோ உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து ஆற்றலை அங்கேயே செலுத்துகிறது.

அதே மென்மைதான் சிக்கலும். அந்த வேகத்தில் ஈயம் விரிவதோடு நிற்பதில்லை, சிதறவும் செய்கிறது. சுடப்பட்ட ஒரு மானை எக்ஸ்ரே எடுத்தால் நூற்றுக்கணக்கான துகள்கள் தெரியலாம். வேட்டைக்காரர் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டில் விட்டுச் செல்கிறார். காண்டோர் அதைத் தின்கிறது. அதன் வயிற்றிலுள்ள வலிமையான அமிலம் ஈயத்தைக் கரைக்க, அது இரத்தத்தில் கலக்கிறது. செரிமான உறுப்புகள் செயலிழந்து, உணவு உள்ளே இருந்தும் பறவை பட்டினியால் சாகிறது.

மனிதருக்கும் இதில் பங்குண்டு. 2008இல் வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரியவந்தது.

செம்புக் குண்டு

இதற்கு மாற்று, முழுவதும் செம்பால் ஆன குண்டு. அதன் முனையில் சிறு குழி இருக்கும். உடலில் பட்டதும் முனை பூவிதழ்போல் விரியும், பெரும்பாலும் சிதறாது.

ஆனால் செம்பின் அடர்த்தி ஏறக்குறைய 9.0தான். அதே நிறைக்குக் கால் பங்கு கூடுதல் இடம் வேண்டும், குண்டு நீளமாகிவிடும். ஆகவே பலர் சற்று இலேசான செம்புக் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது வேகமாகவும் பாயும். வேகம் மிகவும் குறைந்துவிட்டால் இதழ்கள் சரியாக விரியாது என்பதால், மிகத் தொலைவிலிருந்து சுடக்கூடாது.

2013இல் கலிபோர்னியா சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளை முற்றாகத் தடை செய்தது. இன்று கூண்டிலும் காட்டிலுமாக 500க்கும் மேற்பட்ட காண்டோர்கள் உள்ளன. என்றாலும், ஈய ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

நீங்களே கணக்கிடுங்கள்

10 கிராம் ஈயக் குண்டு வினாடிக்கு 850 மீட்டர் வேகத்திலும், 9 கிராம் செம்புக் குண்டு 900 மீட்டர் வேகத்திலும் பாய்கின்றன. எதற்கு இயக்க ஆற்றல் அதிகம்? ½mv² சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்; கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறவாதீர்கள். விடையைப் பார்த்தபின், “இலேசான குண்டு என்றால் ஆற்றல் குறைவு” என்று சொல்ல மாட்டீர்கள்!