வேலை முடிந்து கொடி பிடித்தால் வேலை போகுமா?

1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம்; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் கூலிக்காகப் போராடி வென்றிருந்த தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள், இம்முறை கூலி எதுவும் கேட்காமல் தலைவருக்காகவே வேலையை நிறுத்தினார்கள். முதலாளி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தட்டிக்கேட்க அன்று தொழிற்சட்டம் கிடையாது. இன்று உண்டு. ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும்.

வேலை நேரம் போக அரசியல் செய்யலாமா என்றால், திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக எழுத்தருக்கு விடை எளிது: கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, கட்சி உறுப்பினராவதையும் பிரசாரம் செய்வதையும் தடுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் விலக்கில்லை. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் இருப்பவரைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதியோ, வீட்டிலோ வண்டியிலோ தேர்தல் சின்னம் ஒட்டுவதையே செல்வாக்கைப் பயன்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. இது அளவுக்கு மீறிய கெடுபிடி என்பது என் கருத்து. ஆனால் விதி விதிதான்.

அதற்காக அரசு ஊழியரை நினைத்தவுடன் நீக்கிவிட முடியாது. அரசமைப்பின் 311ஆம் பிரிவு விசாரணையைக் கோருகிறது, விதிவிலக்குகள் சொற்பம். வேலைக்கு வருமுன் செய்த அரசியலையும் காரணமாக்க முடியாது. ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கச் செயல்பாடுகளில் முன்பு கலந்துகொண்டார் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவரை நீக்கியது செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளி நிலை வேறு. கட்சியில் சேரக் கூடாது என்று எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஆலையின் ஒழுங்கு விதிகளான நிலையாணையில் எழுதாத ஒன்றைக் குற்றமாக்க முடியாது, ஆலை எல்லைக்குள் நடப்பதற்கான விதியை வெளியே எங்கோ நடந்ததற்கு இழுக்கவும் முடியாது என்பது கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷிஃப்ட் நேரத்தில் வெளிநடப்பு செய்வதும், கம்பெனி யூனிஃபார்மில் மேடையேறுவதும் இந்தப் பாதுகாப்பில் வராது.

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடை விற்பனையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. பலருக்கு அது தெரியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மில் தொழிலாளி சமரச அலுவலரிடம் போகலாம். புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. மேலாளர் பதவியில் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது; அவர் நியமன ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

நடைமுறையில் எந்த முதலாளியும் "நீ அந்தக் கட்சிக்காரன்" என்று எழுதித் தருவதில்லை. லேட்டாக வந்தாய், வேலை சரியில்லை என்பார்கள். இல்லாவிட்டால் உட்கார வைத்து ராஜினாமா எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தோற்றது. மிரட்டினாலும் போடாதீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், வருகைப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே தொழிலாளர் அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ போங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கு இலவச உதவி உண்டு.