சென்னையில் வாடகை வீடு: முன்பணம் கொடுக்குமுன் அறிய வேண்டியவை

அங்கத்தினர் குடும்பங்களில், பெற்றோர் தறியையும் நிலத்தையும் கவனித்துவர, பிள்ளைகள் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்வது இன்று சாதாரணமாகிவிட்டது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் கணக்கிட மறப்பது வீட்டு முன்பணத்தை. விளைச்சலை விற்ற பணமோ, நெசவுக் கூலியில் மிச்சம் பிடித்த சேமிப்போ ஒரே நாளில் முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. வாடகை செலவாகும், ஆனால் முன்பணமோ வீட்டைக் காலி செய்யும்போது நம்மிடம் திரும்ப வேண்டிய தொகை. அதனைப் பத்திரப்படுத்தும் வழிகளை இங்கே கூறுவோம்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். வேலை செய்யும் இடம் அம்பத்தூரா, ஒரகடமா, நகரின் நடுவிலா என்பதைக் கொண்டே வீடு தேட வேண்டும். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு மார்க்கத்தில் மின்சார ரயில் நிலையத்திற்கு அருகில் வீடு அமைந்தால், மாதச் சீசன் சீட்டில் போக்குவரத்துச் செலவு பெரிதும் குறையும். தாழ்ந்த பகுதியாயின் மழைக்கால நிலையை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிதல் அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட துன்பத்தை அறியாதார் இலர். வீட்டில் வரும் நீர் குடிநீர் வாரியக் குழாய் நீரா, உவர்ப்பான ஆழ்குழாய் நீரா, கோடையில் லாரி நீர் வாங்க நேர்ந்தால் பணம் கொடுப்பவர் யார் என்பனவற்றையும் முன்னரே கேட்க வேண்டும்.

அடுத்து முன்பணக் கணக்கு. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இச்சட்டம் முன்பணத்திற்கு மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது. எனினும் இரு தரப்பாரும் இசைந்து வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள இடமுண்டு. ஆகவே சட்டத்தை எடுத்துக்கூறிப் பேரம் பேசலாமேயன்றி, அது தானாக நம்மைக் காக்கும் என்று வாளாவிருத்தல் கூடாது.

வாடகை ரூ. 12,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத முன்பணம் ரூ. 36,000, பத்து மாத முன்பணம் ரூ. 1,20,000. வித்தியாசம் ரூ. 84,000. இத்தொகையை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் கடன் வாங்கினால், வட்டி மட்டும் ஆண்டுக்கு ரூ. 10,080, அதாவது மாதம் ரூ. 840 ஆகிறது. உண்மை வாடகை ரூ. 12,840 என்றே கொள்ள வேண்டும். வாடகை சற்றுக் கூடினும் முன்பணம் குறைந்த வீடு சில வேளைகளில் இலாபமாவது இதனாலேயே. தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கேட்பது வழக்கம். இதனையும் லாரிக் கூலியையும் கணக்கில் சேர்க்கவும்.

சங்கத்தில் ரசீதின்றி நாம் பணம் கட்டுவதில்லை. வீட்டு விஷயத்திலும் அவ்வழக்கமே நன்று. முன்பணத்தை வங்கி மூலம் செலுத்துக. ஒப்பந்தத்தில் முன்பணத் தொகை, அது திரும்பும் கெடு, வண்ணம் பூசுதலுக்கும் பழுதுக்கும் பிடித்தம் செய்யும் அளவு, வாடகை உயர்வு, பராமரிப்புக் கட்டணம், காலி செய்ய முன்னறிவிப்புக் காலம் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றைப் படமெடுத்து வைத்தால் பிற்பாடு வாக்குவாதம் எழாது. ஒப்பந்தத்தை அரசின் இணையதளம் வழியே வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் பெறுவது இன்றியமையாதது. பின்னாளில் தகராறு நேர்ந்தால் அவ்வெண்ணே கைகொடுக்கும்.

மின்சாரத்திற்குத் தனி மீட்டர் உண்டா என்று பார்க்கவும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் இச்சலுகை நமக்குத் தனியே கிட்டாது. உயர்ந்த கட்டணமும் விழும். ரேஷன் பொருளைப் பொறுத்தவரை, 2020 அக்டோபர் 1 முதல் மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் குடும்ப அட்டையைக் காட்டி வாங்க வழி செய்யப்பட்டுள்ளது.

மொத்தமாகப் பெருந்தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கிய முறையில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். வீடு வங்கியில் அடமானத்திலிருந்து உரிமையாளர் கடனைச் செலுத்தத் தவறினால், ஏலத்தில் நமது பணமும் ஆபத்துக்குள்ளாகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றுப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

தனியாகச் செல்லும் பெண்மக்கள் அரசின் 'தோழி' விடுதிகளில் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கலாம். ஆண்பிள்ளைகளும் சில மாதம் விடுதியில் தங்கி, ஊரைப் பழகியபின் வீடு பார்ப்பது நலம். அவசரத்தில் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. பிள்ளையைப் பட்டணத்திற்கு அனுப்புமுன், குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.