வாடகைக் கணக்குப்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நம் சங்கங்களின் வாயிலில் இப்பொழுது புதுவகை வியாபாரி ஒருவர் வந்து நிற்கிறார். அவர் நூலோ உரமோ விற்பவர் அல்லர். "உங்கள் பேரேடுகளை எங்கள் கணினியில் ஏற்றிவிடுங்கள், இருப்பு, கூலி, கடன், வசூல் ஆகிய யாவற்றையும் நாங்கள் சேர்த்துச் சரிபார்த்துத் தருகிறோம், மாத வாடகை கொடுத்தால் போதும்" என்பது அவருடைய பேச்சின் சாரம். கீழப்பழுவூர் வட்டாரத்தில் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நிர்வாகக் குழுவினர் பலர், இதை ஏற்கலாமா என்று என்னைக் கேட்கின்றனர். ஏற்கலாம், ஆனால் கேட்க வேண்டியவற்றைக் கேட்ட பின்னரே ஏற்க வேண்டும். அவை யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விற்கப்படும் சரக்கு யாது?

மேகக் கணினி என்னும் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. அது ஆகாயத்தில் இல்லை. மும்பை, ஐதராபாத், சென்னை போன்ற நகரங்களில் பெருங்கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்ட பிறருடைய கணினிகளே மேகக் கணினி. நாம் அவற்றில் ஒரு மூலையை வாடகைக்கு எடுக்கிறோம். அங்கே நம் கணக்குகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலைக்காரனுக்குத் தரவு இயக்க மென்பொருள் என்று பெயர்.

ஒரு நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நூல் கொடுத்த கணக்கு ஒரு பதிவேட்டிலும், சேலை வரவு மற்றொன்றிலும், கூலி வேறொன்றிலும், கோ-ஆப்டெக்ஸுக்கு அனுப்பிய சரக்கின் பட்டியல் பிறிதோரிடத்திலும் இருக்கின்றன. வங்கிக் கணக்கோ வங்கியில் இருக்கிறது. இவ்வைந்தையும் நாள்தோறும் ஓரிடத்தில் சேர்த்து, கொடுத்த நூலுக்கும் வந்த சேலைக்கும் பொருத்தம் உண்டா, ஒரே ரசீது இருமுறை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பிசகிருந்தால் எச்சரிப்பதே இம்மென்பொருளின் தொழில். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்டுபிடிக்கும் பிழையை அன்றைக்கே கண்டுபிடிக்க முடிந்தால் அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிலை சற்று வேறானது. 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் நாள் இசைவு அளித்தது. நபார்டு வங்கி நடத்தும் அத்திட்டத்தில் நாடு முழுமைக்கும் ஒரே பொது மென்பொருள் வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே அச்சங்கங்களுக்குத் தேர்வுப் பொறுப்பு குறைவு. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் குறையவில்லை. நெசவாளர் சங்கம், விற்பனைச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவை தாமே வாங்க முற்படும்பொழுது இரு பொறுப்புகளும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, சோதனை. விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். சென்ற ஆண்டின் ஒரு மாத வவுச்சர்களை நாமே கொடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும். முடிவில் வரும் இருப்புநிலை, தணிக்கை முடிந்த நம் கைப்பேரேட்டுடன் பைசா பிசகாமல் ஒத்துவர வேண்டும். பிறகு வேண்டுமென்றே சில பிழைகளைப் புகுத்திப் பார்க்கலாம். இருப்பில் இல்லாத நூலைப் பட்டுவாடா செய்ததாகவும், ஒரு தவணையை இருமுறை வசூலித்ததாகவும் எழுதினால் அது பிடிக்கிறதா? பதிந்ததைத் திருத்தினால், திருத்தியவர் யார், எப்பொழுது திருத்தினார் என்பதை அழியாமல் காட்டுகிறதா? மின்சாரமும் இணையமும் தடைப்படும் மழைநாளில் என்ன செய்கிறது? இவற்றைச் சங்க அலுவலகத்திலேயே, சங்க எழுத்தரே இயக்கிக் காண்பது நலம்.

இரண்டாவது, மொத்தச் செலவு. ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆறு பேர் பயன்படுத்தினால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000, ஐந்தாண்டில் 1,80,000 ரூபாய். பழைய கணக்கை ஏற்றும் கூலி, பயிற்சிச் செலவு, வரி ஆகியவை இதற்கு மேல் வரும். சில நிறுவனங்கள் மின்சார மீட்டரைப்போலப் பயன்பாட்டை அளந்து கட்டணம் விதிக்கின்றன. கணக்கைத் திரும்ப எடுக்கும்பொழுதும் கட்டணம் கேட்பதுண்டு. ஆதலால் ஐந்தாண்டு மொத்தத்தை எழுத்தில் பெற்று, அதனால் மிச்சமாகும் தொகையுடன் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, நகல். 2024 மே மாதத்தில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் மேகக் கணினி ஏற்பாட்டில் ஒரு பகுதி, கூகுள் கிளவுட் நிறுவனத்தில் நேர்ந்த ஒரு தவறான அமைப்பினால் அழிந்துபோயிற்று. இரண்டு இடங்களில் இரட்டிப்பாக வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. மற்றொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த நகல்கள் இழப்பைக் குறைக்க உதவின. 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுக் கணினி மையத்தில் தீப்பற்றியபொழுதோ, வேறு நகல் இல்லாமையால் அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் பறிபோயின. இவ்விரண்டையும் அறிந்தபின், "எங்களிடமே இரண்டு நகல் இருக்கின்றன" என்னும் விற்பவரின் உறுதிமொழியோடு நிறைவடைய இயலாது. வாரந்தோறும் ஒரு நகலைச் சங்கமே தன் வசம் எடுத்துப் பூட்டி வைக்க வழியுண்டா எனக் கேட்க வேண்டும். அந்நகலைத் திறந்து படித்துப் பார்க்கவும் வேண்டும். திறவாத நகல் இல்லாத நகலுக்குச் சமம்.

நான்காவது, பொறுப்பு. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் மென்பொருள் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் கணினிக் கொள்ளையருக்கு இலக்காயிற்று. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதைத் தன் வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப இயலாமல் தவித்தனர். ஆகஸ்ட் 1-ஆம் நாள் தொடர்பு மீண்டது. தவறு எவருடையதாயினும், அங்கத்தினர் வந்து நிற்பது தம் சங்கத்தின் வாசலில்தான். சட்டத்தின் நோக்கும் இதுவே. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் விவரங்களைத் திரட்டியவரே பொறுப்பாளி. தகுந்த பாதுகாப்புச் செய்யாவிடில் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். நகைக்கடன், ஆதார் எண், நில விவரம் ஆகியவை நம்மிடம் இருப்பதால் இது நமக்கு அயலான செய்தியன்று. தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறந்த உத்தரவு. அறிவிப்பவர் யார் என்பது ஒப்பந்தத்தில் பெயர் சுட்டி எழுதப்பட வேண்டும்.

ஐந்தாவது, பிரியும் வழி. என் கருத்தில் இதுவே தலையாயது. சேரும்பொழுது யாவரும் இன்முகம் காட்டுவர். விலகும்பொழுதுதான் ஒப்பந்தத்தின் உண்மை வெளிப்படும். மூன்றாண்டுக்குப் பின் வாடகையை இருமடங்காக்கினால் நாம் விலக முடியுமா? நம் கணக்கு முழுவதும், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக, தமிழ்ப் பெயர்கள் சிதையாமல், எத்தனை நாளில், என்ன செலவில் திரும்பக் கிடைக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், இப்படி இடம் மாறுவோரிடம் 2027 ஜனவரி 12-க்குப் பின் மாற்றுக் கட்டணமே பெறலாகாது என வகுத்திருக்கிறது. நம் சங்கத்துக்கு ஒப்பந்தத்தின் வாசகமே காப்பு. ஆகவே சோதனைக் காலத்திலேயே ஒருமுறை கணக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். அதற்குத் தயங்குபவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழு செய்ய வேண்டுவது

குறைந்தது மூவரிடமேனும் இவ்வைந்து கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்று, ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். விலை குறைந்ததை மட்டும் நோக்காமல், கணக்கைத் திருப்பித் தரும் வழி தெளிவாக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் கைப்பேரேட்டையும் கைவிடாமல் இரண்டையும் ஒப்பிட்டு நடத்தி, அதன் முடிவைப் பேரவையில் அங்கத்தினர்முன் வைப்பது முறையாகும்.

அங்கத்தினர்களும் அக்கூட்டத்தில் வாளா இருத்தல் ஆகாது. "நம் பேரேட்டின் நகல் இன்று யாரிடம், எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று ஒருவரேனும் எழுந்து கேட்க வேண்டும். அதற்கு உடனே விடை சொல்லக்கூடிய சங்கம் எந்த மென்பொருளையும் அச்சமின்றி வாங்கலாம்.