வயிற்றைக் குனிந்து பார்க்கும் நாள்

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மார்க்கர் பேனாவோடு நோயாளியிடம் போவேன். உட்காருங்கள், குனியுங்கள், நில்லுங்கள் என்பேன். பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, வேட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதைத் தவிர்த்து வயிற்றில் புள்ளி வைப்பேன். பெரும்பாலும் அங்கேதான் குடலின் முனையை வெளியே எடுத்துத் தைப்பார்கள். அதுதான் ஸ்டோமா. மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்து என்று காரணங்கள் பல. சிலருக்குச் சில மாதங்களில் மூடிவிடலாம். சிலருக்கு ஆயுளுக்கும் அதுதான்.

புள்ளி வைக்கும்போது ஓர் அம்மா கேட்டார்: "இனிமே கோயிலுக்குப் போகலாமா சிஸ்டர்?" புற்றுநோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்டோமாவில் அடக்கிவைக்கும் தசை கிடையாது. மலமும் காற்றும் தன்போக்கில், வயிற்றின்மேல் ஒட்டிய பைக்குள் இறங்கும். சின்னப் பிள்ளையில் பழகிய கட்டுப்பாடு ஒரே நாளில் போய்விடுகிறது. அந்த அவமானம் தையல் வலியைவிடப் பெரிது. அதனால்தான் பலர் பை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அந்த அம்மாவும் அப்படித்தான். அவர் கணவர் லாரி டிரைவர். "காட்டுங்க சிஸ்டர், வீட்ல நான்தானே செய்யணும்" என்று கையுறை மாட்டினார். அளவு பார்த்துப் பையின் ஒட்டும் தகட்டில் வட்டமாக வெட்டினார். சுற்றியுள்ள தோலை வெந்நீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, ஒட்டினார். அவர் முகம் சுளிக்கிறதா என்றே அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சுளிக்கவில்லை. அப்புறம்தான் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். ஸ்டோமா உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக இருந்தது. "தொட்டா வலிக்குமா?" வலிக்காது, அதில் வலி உணரும் நரம்பு இல்லை.

வீட்டுக்குப் போனபின் வேறு பயங்கள். பஸ் ஏறும் நாளில் பட்டினி கிடப்பார்கள், தனியே படுப்பார்கள். சரியாக ஒட்டிய பை நாறாது. நாற்றம் வந்தால் கசிகிறது என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்தால் போதும். காசுக்காக ஒரே பையை மாற்றவேண்டிய நாள் தாண்டியும் இழுப்பவர்களுக்குத் தோல் புண்ணாகிறது. அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஒட்டும் பையே இந்தப் பயத்திலிருந்து வந்ததுதான். ஸ்டோமா வைத்த தங்கை வெளியே போகவே அஞ்சியதைக் கண்டு, டென்மார்க் செவிலியர் எலிசே சோரன்சன் 1954இல் யோசித்தது அது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஸ்டோமா வைத்தால், முதல் தடவை பை மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தன் உடம்பைப் பார்ப்பார்.