கைக்குழந்தையோடு சிங்கப்பூர்: லீவும் பணமும் வீணாகாமல் போய் வருவது எப்படி?

சிங்கப்பூர் என்றால் ஒரு காலத்தில் கப்பல்தான் நினைவுக்கு வரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறி, முதலில் 'ராஜுலா'விலும் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' கப்பலிலும் நாள் கணக்கில் கடலில் போனார்கள். போனவர்கள் பிழைக்கப் போனவர்கள். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். 1985-ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று.

இன்று மும்பையில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமானம் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் சிங்கப்பூர். பிழைப்புக்காக அல்ல, குழந்தை குட்டிகளோடு நாலைந்து நாள் பார்த்து வருவதற்காகப் போகிறார்கள். மாதுங்கா, செம்பூர், டோம்பிவிலிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களும்கூட போனஸ் பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துவைத்துப் போய்வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பயணத்தில் செலவாவது பணம் மட்டும் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் நீண்ட லீவும் செலவாகிறது. அந்த லீவு வழக்கமாக ஊருக்குப் போவதற்கு உரியது. "பேரப்பிள்ளைகளைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு" என்று ஊரில் பாட்டி நாளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பல வீடுகளில் விமானக் கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி.

கணவர் குமாஸ்தா, மனைவி, ஐந்து வயதுப் பெண், ஒன்றரை வயதுப் பையன். இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

எல்.டி.சி. உதவாது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் போக்கிக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் லீவு பயணச் சலுகை இந்தியாவுக்குள் போய்வரத்தான். நான்கு ஆண்டுக்கு இரண்டு முறை சொந்த ஊர், அல்லது ஒரு முறை சொந்த ஊரும் ஒரு முறை நாட்டின் வேறு ஏதாவது ஓர் இடமும் என்பது விதி. வங்கி ஊழியர்கள் சிலர் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். போக வேண்டிய இடம் மதுரை என்று காட்டிவிட்டு, டெல்லியிலிருந்து மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு டெல்லிக்குத் திரும்பினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வெளிநாடு கலந்த இத்தகைய பயணத்துக்கு வருமான வரி விலக்குக் கிடையாது என்று 2022 நவம்பரில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே சிங்கப்பூர்ச் செலவு முழுவதும் சொந்தச் சேமிப்பிலிருந்துதான்.

பயண நிறுவனத்திடம் மொத்தமாகப் பணம் கட்டிப் போகிறவர்களிடம் 'டி.சி.எஸ்.' என்ற பெயரில் ஒரு வரி வசூலிக்கப்படும். 2020 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறிக்கொண்டிருக்கிறது. இது போனால் போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டாத வருமானமாக இருந்தால் முழுவதும் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்

முன்பெல்லாம் தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். இப்போது பிறந்து ஒரு மாதமான சிசுவுக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000 ரூபாய். எட்டு வயது நிறையாத குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் என்றால் அதிலும் 10 விழுக்காடு குறைவு. தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மற்றவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்காகப் போலீஸ் விசாரணை பெரும்பாலும் இராது. ஆகையால் பெற்றோர் முதலில் தங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்கு விண்ணப்பிப்பது சுலபம்.

குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். சிங்கப்பூருக்குப் போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும்.

விசா உண்டு. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தலைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி. (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) கைக்குழந்தைக்கும் அதே கட்டணம், விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. நான்கு பேருக்கு 120 வெள்ளி என்றால் எட்டாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். ஏஜெண்டின் கூலி தனி. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் 'வருகை அட்டை' ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள்.

விமானச் சீட்டு விஷயத்தில் ஒன்றரை வயதுப் பையன் பெற்றோருக்கு லாபம். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்காரலாம். கட்டணம் பெரியவருக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. இரண்டு நிறைந்தால் தனி இருக்கை எடுக்க வேண்டும். போகும்போது இரண்டு நிறையவில்லை, அங்கே இருக்கும்போது பிறந்த நாள் என்றால், திரும்பும்போது தனி இருக்கைதான். நாளைத் தள்ளிப்போடுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டரை மணி நேர வித்தியாசம்

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. குழந்தையின் வயிறும் தூக்கமும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மும்பையில் ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே இரவு பதினொன்றரை வரை விழித்திருக்கும். காலை எட்டு மணிக்குச் சுற்றுலா பஸ் புறப்படும் என்பார்கள். குழந்தைக்கு அது விடியற்காலை ஐந்தரை. இழுத்துப் பிடித்து எழுப்பி, வாயில் எதையோ திணித்து, பஸ்ஸில் ஏற்றினால் அன்று முழுவதும் அழுகைதான். பணம் கட்டிப் போன இடத்தில் தாய் ஒரு மரத்தடியில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். தந்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவார்.

இதனால்தான், குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பயண நிறுவனங்களின் 'சிங்கப்பூர்-மலேசியா 7 நாள்' திட்டம் ஒத்துவராது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பஸ் பயணம். எல்லையில் மலேசியச் சோதனைக்கு ஒரு முறை, சிங்கப்பூர்ச் சோதனைக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும். தூங்குகிற குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான். இரண்டு நாடு பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். குழந்தை பார்த்தது என்னவோ பஸ் ஜன்னலை.

ஒரே ஊர், ஒரே விடுதி, ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், தொல்லையும் குறையும். நேர வித்தியாசத்தையே சாதகமாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. மண்டாயில் இருக்கும் 'நைட் சபாரி' என்ற இரவு மிருகக்காட்சி சாலை இரவு ஏழே காலுக்குத் திறக்கிறது. மும்பைக் குழந்தைக்கு அது சாயங்காலம் நாலே முக்கால். நன்றாக விளையாடுகிற நேரம். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே அதைப் பார்த்துவிட வேண்டும். நான்கு நாள் கழித்து, உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகிய பிறகு போனால் டிராம் வண்டியிலேயே தூங்கிவிடும்.

அதே மண்டாயில் 1973-ல் திறந்த பகல் மிருகக்காட்சி சாலையும், 2023-ல் திறந்த பறவைகள் பூங்காவும் இருக்கின்றன. பழைய ஜூரோங் பறவைப் பூங்கா மூடப்பட்டுவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேட வேண்டாம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க மலிவாக ஒரு கூட்டுச் சீட்டு என்று யாராவது ஆசை காட்டினால், கைக்குழந்தைக்காரர்கள் மறுத்துவிடலாம்.

காசில்லாத இன்பங்கள்

சிங்கப்பூர் செலவான ஊர்தான். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு அங்கே மிகவும் பிடிக்கிற இடங்கள் சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை. 1859-ல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்கு அனுமதி இலவசம். அதனுள்ளே சிறுவர்களுக்கென்றே ஒரு தோட்டம் உண்டு. குழந்தை இல்லாமல் வருகிற பெரியவர்களை உள்ளே விட மாட்டார்கள்! மரினா பே அருகே உள்ள பெரிய பூங்காவில் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் சீட்டு. வெளித் தோட்டங்களும், தண்ணீர் பீச்சி விளையாடும் சிறுவர் பூங்காவும் இலவசம். மாற்று உடையும் துண்டும் எடுத்துப் போனால் ஒரு மாலைப் பொழுது கழிந்துவிடும். ஒன்றரை வயதுப் பையனுக்கு, விலை கொடுத்துப் பார்க்கும் காட்சிகளைவிட அந்தத் தண்ணீர்தான் பெரிது.

நகர ரெயிலிலும் பஸ்ஸிலும் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். ஆனால் ரெயிலில் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். குழந்தை அழுதால் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டுவது நம் கைப்பழக்கம். ஏறுவதற்கு முன்பே பசியாற்றிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சிராங்கூன் சாலையில் இட்லி, தோசை, தயிர்சாதம் எல்லாம் கிடைக்கும். விடுதி எடுப்பவர்கள் அந்தப் பக்கமே எடுத்தால், இரவு எட்டு மணிக்குக் குழந்தை சோறு கேட்கும்போது அலைய வேண்டாம். விடுதியில் அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். இரவு விமானத்தில் போய்க் காலையில் இறங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், தூக்கமில்லாத குழந்தைகளோடு வரவேற்பறை சோபாவில் அரை நாள் போய்விடும்.

பெட்டியில் கசகசா இருக்கிறதா?

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. மசாலாப் பொட்டலங்களோடு கசகசாவையும் போட்டுவிடக் கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மெல்லும் புகையிலை, சூயிங்கம் ஆகியவையும் ஆகாது. தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. குழந்தையின் மருந்துகளை டாக்டர் சீட்டோடு, கடையில் வாங்கிய பெட்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

விமானம் இறங்கும்போது குழந்தைகளுக்குக் காது அடைத்து வலிக்கும். எச்சில் விழுங்கினால் வலி குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இறங்கத் தொடங்கும் நேரத்தில் தாய்ப்பாலோ பால் பாட்டிலோ கொடுத்தால் போதும். பெரியவளுக்கு ஒரு மிட்டாய். பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலையும் உணவையும் சோதனையில் தடுக்க மாட்டார்கள். சளி கடுமையாக இருந்தால் புறப்படுமுன் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போனால் குழந்தைகளுக்கு என்ன மிஞ்சும்? உண்மையைச் சொன்னால், ஒன்றரை வயதுக்காரனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. பையனுக்காகப் போகிறோம் என்று யாராவது சொன்னால் அது பெற்றோரின் ஆசைக்கு ஒரு சாக்கு. ஆசைப்படுவதில் தவறில்லை, அதற்காக மாதத் தவணையில் கடன் வாங்குவதுதான் தவறு. ஐந்து வயதுப் பெண்ணின் விஷயம் வேறு. மும்பையில் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும் படிக்கிறாள். தமிழ் என்பது அவளுக்கு வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். கையில் கொடுக்கும் சில்லறைக் காசிலே 'சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதியிருக்கும். அதை எழுத்துக் கூட்டிப் படிக்க அவள் முயல்வாள். அந்தக் காசில் ஒன்றிரண்டைச் செலவழிக்காமல் கொண்டுவரலாம்.

திரும்பும் வழியில் ஊர்

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். மும்பையிலிருந்து போய் மும்பைக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சி, சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. போவது மும்பையிலிருந்து, திரும்புவது திருச்சிக்கோ மதுரைக்கோ என்று சீட்டு எடுத்தால், இருபது நாள் லீவில் ஆறு நாள் சிங்கப்பூருக்குப் போக, மீதி ஊருக்கு இருக்கிறது. நான்கு மணி நேரம் சுமாருக்கு விமானம், பிறகு பஸ், வீட்டு வாசல். ஊரிலிருந்து மும்பை திரும்ப ரெயில் சீட்டை 60 நாள் முன்னதாகவே எடுத்துவைத்துவிட வேண்டும். மே மாதம் என்றால் முன்பதிவு திறக்கிற அன்றே.

ஊருக்கு வந்த முதல் நாலைந்து நாள் குழந்தைகள் சிங்கப்பூர் நேரத்தில்தான் இருப்பார்கள். அங்கே ஏழு மணிக்கு எழுந்து பழகிய பையன் இங்கே இருட்டில் நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வான். பெற்றோர் அசந்து தூங்கும் நேரம். அந்த வேளையில் வீட்டில் விழித்திருந்து, வாசல் தெளிக்கப் போகிறவள் பாட்டிதான்.